பவர் பிரஸ்ஸில் விரல் போன தம்பிக்கு இ.எஸ்.ஐ. பதிவு இல்லை. இப்போது என்ன செய்வது?

பேட்டை கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கணக்கு பார்க்கிறேன். தகடு வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கொடுக்கிற யூனிட். ஆள் மொத்தம் 16 பேர். முந்தாநாள் இரண்டாவது ஷிப்டில் பவர் பிரஸ்ஸில் மாட்டி ஒரு தம்பிக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. வயது 35. மாதச் சம்பளம் 12,000. வீட்டில் மனைவி பீடி சுற்றுகிறார், படிக்கிற பிள்ளைகள் இரண்டு.

அந்த பிரஸ்ஸில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் மேல்டை (தகட்டை அமுக்குகிற மேல் அச்சு) இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் போகாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் மெஷினில் இடது பட்டன் மேல் ஒரு மரத்துண்டை வைத்து சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் பட்டனை அமுக்கலாம், பீஸ் அதிகம் வரும். எல்லா ஷிப்டிலும் அப்படித்தான் ஓடியது. சூப்பர்வைசருக்கும் தெரியும்.

16 பேரில் 11 பேருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. மீதி ஐந்து பேர் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள், பதிவு இல்லை. இந்தத் தம்பி போன வாரம்தான் சேர்ந்தார். முதலாளி கைவிடவில்லை, தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து செலவைப் பார்க்கிறார். ஆனாலும் மூன்று விஷயம் மனதை அறுக்கிறது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த ஆள், "வீட்டுக் கதவு இடுக்கில் நசுங்கியது" என்று சொல்லி அப்படியே எழுதியிருக்கிறார்கள். கான்ட்ராக்டர் ஒரு தாளோடு வந்து நிற்கிறார்: 50,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தம்பி கையெழுத்து போட வேண்டுமாம். முதலாளியோ, சேர்ந்த தேதியை இரண்டு மாதம் முன்னால் போட்டு இ.எஸ்.ஐ. நம்பர் எடுத்துவிடு என்று என்னிடம் சொல்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க வேண்டும், நானும் பொய்க் கணக்கு எழுதக்கூடாது.

ஜங்ஷன் அண்ணாச்சி

தம்பி, முதல் வேலையாக அந்தத் தாளில் கையெழுத்து விழாமல் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். விரல் போன கையை நிறையப் பார்த்திருக்கிறேன். விரலை விட அதிகமாக இழந்தது, முதல் இரண்டு மூன்று நாளில் என்ன எழுதப்பட்டது என்பதைக் கவனிக்காதவர்கள்தான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் யூனிட்டில் பத்துப் பேருக்கு மேல், ஏற்கெனவே இ.எஸ்.ஐ.யில் உள்ள நிறுவனம். தம்பியின் சம்பளம் 21,000-க்குள். அப்படியானால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். சட்டத்தில் காப்பீட்டாளர் என்றால் சந்தா கட்டப்பட்டவர் மட்டும் இல்லை, சந்தா கட்டியிருக்க வேண்டியவரும்தான். நம்பர் இல்லை என்பதால் அவர் உரிமை போய்விடாது. பதிவு செய்யாதது நிர்வாகத்தின் தவறு, அதற்கான பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் நிர்வாகத்திடம் வசூலித்துக்கொள்ளும். கான்ட்ராக்டர் ஆள் என்பதும் சாக்கு ஆகாது. முதன்மை நிறுவனம், அதாவது உங்கள் யூனிட், கட்டிவிட்டு கான்ட்ராக்டரிடம் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி.

வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. காய்ச்சல், மஞ்சள்காமாலை என்று லீவு எடுத்தால் கிடைக்கிற நோய்க்காலப் பணத்துக்குத்தான் ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். விபத்துக்கு முதல் நாளே உரிமை உண்டு. ஆகவே தேதியை முன்னால் தள்ளிப் போடுவதால் தம்பிக்கு ஒரு பைசா லாபம் இல்லை. பொய்த் தேதி போட்டால் விசாரணைக்கு வருகிறவர் சம்பளப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் கேட்பார், அங்கே மாட்டும். அதற்குத் தண்டனை உண்டு. கையெழுத்து போட்ட கணக்கர் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். உண்மையான சேர்ந்த தேதியோடு பதிவு செய்யுங்கள், விபத்துத் தேதியையும் உள்ளபடி சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு எடுத்த நம்பர் என்றால் விசாரணை வரத்தான் செய்யும். வரட்டும்.

கிடைப்பது என்ன என்றால்: டாக்டர் வேலைக்குப் போகக்கூடாது என்று சான்று கொடுக்கிற நாள்வரை சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். 12,000 சம்பளத்துக்கு நாளைக்கு 360 ரூபாய் அளவில் வரும். காயம் ஆறி இறுதிச் சான்று வந்த பிறகு மெடிக்கல் போர்டு பார்த்து சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று சொல்லும். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்ட அட்டவணையில் 20 சதவீதம். அந்த 360-ல் 20 சதவீதம், நாளைக்கு 72 ரூபாய். ஆயுள் உள்ளவரை மாதாமாதம் அது வரும், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் வரும். போர்டு சொன்ன சதவீதம் குறைவு என்று பட்டால் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அந்த 50,000-த்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவேளை இ.எஸ்.ஐ. பொருந்தாத இடமாக இருந்து, 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி பார்த்தால்கூட: சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. 35 வயதுக்கான காரணி 197.06. பெருக்கினால் 14,18,832. அதில் 20 சதவீதம் 2,83,766 ரூபாய். மருத்துவச் செலவு தனி. இனி கோரிக்கை இல்லை என்று எழுதி வாங்குகிற தாள் அந்தச் சட்டத்தின் முன் செல்லாது. ஒப்பந்தம் என்றால் தொழிலாளர் துறை ஆணையரிடம் பதிவாக வேண்டும், தொகை குறைவு என்றால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். செல்லாத தாள்தான், ஆனாலும் அதைக் காட்டியே ஏழை வீட்டை வருஷக்கணக்கில் அலைய விடுவார்கள். அதனால்தான் கையெழுத்தே வேண்டாம் என்கிறேன்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. இ.எஸ்.ஐ.யும் இழப்பீடும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கின்றன. நம் ஊரில் புழங்குகிற பழைய பெயரையே இங்கே சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் மனு எழுதும்போது எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதுங்கள்.

கங்கைகொண்டான் முதலாளி

அண்ணாச்சி சொல்வது சட்டப்படி சரி. சின்ன யூனிட் நடத்துகிறவன் கஷ்டத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா. கான்ட்ராக்ட் ஆள் திங்கட்கிழமை வருவான், வியாழக்கிழமை காணாமல் போவான். ஆதார் கேட்டால் நாளைக்குத் தருகிறேன் என்பான். எத்தனை பேருக்கு நம்பர் எடுப்பது? ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனி விலையைக் குறைத்துக்கொண்டே போகிறது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட்டம், மாத்திரை இல்லை, வெளியே எழுதிக்கொடுக்கிறார்கள் என்று தொழிலாளர்களே சொல்கிறார்கள். எனக்கு வேண்டாம், பிடிக்காதீர்கள், அந்தக் காசையும் கையில் கொடுங்கள் என்று கேட்கிற ஆளும் உண்டு.

ஜங்ஷன் அண்ணாச்சி

கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் தொகையைப் பாருங்கள். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 12,000 சம்பளத்துக்கு உங்கள் கையிலிருந்து 390 ரூபாய், அவரிடம் பிடிப்பது 90 ரூபாய். பேட்டைக்காரர் யூனிட் மாதிரி 16 பேருக்கும் கட்டினால் மாதம் 6,240. ஒரே ஒரு விபத்துக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் கட்டுகிற முன்பணத்தைவிடக் குறைவு. அப்புறம், இ.எஸ்.ஐ. இருந்தால் இழப்பீட்டுச் சட்டப்படி தனியாக உங்கள் மீது வழக்கு வராது. அந்தப் பாரத்தைக் கழகம் எடுத்துக்கொள்கிறது.

எனக்கு வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. கையில் கொடுக்கிற 90 ரூபாய் அன்றைக்கே செலவாகும். கை போன பிறகு அதே ஆள் மனைவியோடு உங்கள் கேட்டில்தான் வந்து நிற்பார்.

மாத்திரை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். வண்ணார்பேட்டை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருந்த அனுபவம் எனக்கும் உண்டு. அதற்கு வழி சங்கமும் முதலாளிமாரும் சேர்ந்து கேட்பது. பதிவே செய்யாமல் இருந்தால் கேட்கிற உரிமையும் போய்விடும்.

ஆலை மருத்துவர், பாளை

நான் சில தொழிற்சாலைகளுக்குப் பகுதிநேர மருத்துவராகப் போகிறேன். பேட்டை நண்பர் கேட்டதில் மருத்துவப் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கதவு இடுக்கு என்று இருப்பதை இன்றே சரிசெய்ய வேண்டும். அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், யாரும் அப்படிச் செய்யவும் கூடாது. தம்பி மயக்கம் தெளிந்து பேசுகிறார் அல்லவா? சிகிச்சை செய்கிற டாக்டரிடம் அவரே நேரில், "ஒர்க்‌ஷாப்பில் பிரஸ் மெஷினில் அடிபட்டது, இந்தத் தேதி, இந்த நேரம்" என்று சொல்லட்டும். டாக்டர் அதை இன்றைய தேதியிட்டுக் கூடுதல் குறிப்பாக எழுதுவார். காவல் நிலையத்துக்கும் தகவல் போக வேண்டிய காயம் இது. அங்கேயும் அதையே வாக்குமூலமாகக் கொடுக்கட்டும். ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) காப்பி ஒன்று வாங்கி வையுங்கள். மெடிக்கல் போர்டில் முதலில் புரட்டுகிற காகிதம் அது. விரல் நசுங்கிய விதத்தைப் பார்த்தாலே கதவா பிரஸ்ஸா என்று எலும்பு டாக்டருக்குத் தெரியும். எழுத்தும் காயமும் ஒத்துப் போகவில்லை என்றால் தம்பி பொய் சொன்னதாகத்தான் முடியும், அவர் சொல்லாத பொய்க்கு.

எல்லா ஒர்க்‌ஷாப்காரர்களுக்கும் ஒன்று. விரல் துண்டானால் துண்டை எறிந்துவிடாதீர்கள், நேராக ஐஸில் போடவும் செய்யாதீர்கள். சுத்தமான துணியை ஈரமாக்கிப் பிழிந்து, அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீருக்குள் வைத்து ஆளோடு சேர்த்து அனுப்புங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் தசை உறைந்து செத்துவிடும். கையில் ரத்தம் நிற்கத் துணி வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தால் போதும். மஞ்சள்தூள், காபித்தூள், கிரீஸ் எதுவும் வைக்காதீர்கள். ஐஸ் பெட்டி இல்லாத யூனிட் என்றால் பக்கத்து டீக்கடையில் எப்போதும் ஐஸ் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களிடம் விரல் எங்கே என்று கேட்டு, மெஷின் பக்கத்திலேயே கிடக்கிறது என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன்.

பேட்டை கணக்கர்

அண்ணாச்சிக்கும் டாக்டருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை முதலாளியிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். தேதியை மாற்றுகிற பேச்சை விட்டுவிட்டார். ஒரு சந்தேகம். பட்டனைக் கட்டி வைத்து ஓட்டியது தம்பிதானே, அவன் தப்புக்கு எப்படிப் பணம் கிடைக்கும் என்று கான்ட்ராக்டர் கேட்கிறார்.

ஜங்ஷன் அண்ணாச்சி

இ.எஸ்.ஐ.யில் யார் தப்பு என்ற கேள்வியே முதலில் வராது. நிறுவனத்தின் வேலைக்காக, வேலை நேரத்தில், வேலை இடத்தில் நடந்ததா என்பதுதான் கேள்வி. விதியை மீறிச் செய்திருந்தாலும் முதலாளியின் தொழிலுக்காகச் செய்த செயல் என்றால் அது வேலைக் காயம்தான்.

இழப்பீட்டுச் சட்டத்தில், பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினால் முதலாளி தப்பிக்கலாம் என்று ஒரு வாசல் உண்டு. மரணம் என்றாலோ முழு நிரந்தர ஊனம் என்றாலோ அந்த வாசலும் இல்லை. மேலும், போன வாரம் சேர்ந்த ஆளா அந்த டியூப்பைக் கட்டியிருப்பார்? எல்லா ஷிப்டிலும் அப்படித்தான் ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெஷினின் ஆபத்தான பாகத்துக்கு அரண் வைத்து, அதைக் கழற்றாமல் பராமரிப்பது ஆலை நிர்வாகத்தின் கடமை என்று பழைய 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. பீஸ் எண்ணிக்கையைச் சொல்லி விரட்டிவிட்டு, விரல் போனதும் அவன் தப்பு என்பது நியாயமே இல்லை.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் விபத்து அறிவிப்பு போக வேண்டும், மறந்துவிடாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதி, இ.எஸ்.ஐ. படிவம் 12-ல் அறிக்கை கொடுங்கள். பார்த்த சாட்சி பெயர் கேட்கும். பக்கத்து மெஷின்காரர் பெயரைப் போடுங்கள்.

மானூர் தம்பி

இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் அண்ணன் 40 வயது, கிரஷரில் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) பிரிவில் பல வருஷமாக வேலை. மொத்தம் எட்டுப் பேர்தான், இ.எஸ்.ஐ. கிடையாது. ஒரு வருஷமாக இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆள் பாதியாக இளைத்துவிட்டார். காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை முடித்தாயிற்று. இருமல் போகவில்லை. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தபோது மாவட்டமே திரும்பிப் பார்த்தது. தூசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறவர்களுக்கு எந்த அதிகாரி வருகிறார்? விரல் போனால் காட்ட ஒரு கை இருக்கிறது. இதற்கு எதைக் காட்டுவது?

ஆலை மருத்துவர், பாளை

எக்ஸ்ரேயைக் காட்ட வேண்டும் தம்பி. உங்கள் அண்ணனுக்கு சிலிக்கோசிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பாறையில் இருக்கிற சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூளாகி நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தங்கிவிடுகிறது. உடம்பு அதை வெளியே தள்ள முடியாமல் சுற்றிலும் தழும்பு கட்டுகிறது. தழும்பு விழுந்த இடம் விரிந்து சுருங்காது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகலாம். பழையபடி ஆக்குகிற மருந்து இல்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், சிலிக்கோசிஸ் உள்ள நுரையீரலில் காசநோய் எளிதில் ஒட்டும். இரண்டும் எக்ஸ்ரேயில் மேல்பகுதியில்தான் அதிகம் தெரியும். என்ன வேலை பார்க்கிறாய் என்ற ஒரு கேள்வியைக் கேட்காவிட்டால் எல்லாமே காசநோய் ஆகிவிடும். மாத்திரை முடிந்தும் மூச்சு திரும்பவில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சகநோய்ப் பிரிவுக்குப் போங்கள். பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை என்ன வேலை, தண்ணீர் தெளித்தார்களா, மாஸ்க் இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதைக் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சிலிக்கோசிசும், அதோடு சேர்ந்து வரும் காசநோயும் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாக இருக்கின்றன. நோய்க்கும் விபத்துக்கும் அந்தச் சட்டத்தில் ஒரே கணக்குதான். எட்டுப் பேர் வேலை பார்க்கிற இடமாக இருந்தாலும் பொருந்தும். கணக்கில் எடுக்கிற மாதச் சம்பளத்துக்கு 15,000 உச்சவரம்பு இருக்கிறது, காலக்கெடு விஷயம் அண்ணாச்சி சொல்வார்.

வாயில் கட்டுகிற துண்டும் கைக்குட்டையும் இந்தத் தூளைத் தடுக்காது. என்95 வகை மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருந்தால் ஓரளவு தடுக்கும். அதைவிடப் பெரிய காப்பு, கல் உடைகிற வாயிலும் சல்லடையிலும் தண்ணீர் தெளிப்பதும், மெஷினை மூடி வைப்பதும். தண்ணீர் தெளித்தால் மணல் ஈரமாகிறது, சல்லடை அடைக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். கல்குவாரி பழைய 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்துக்குள் வந்தது. வேலைக்குச் சேரும்போதும் அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியிலும் நெஞ்சு எக்ஸ்ரேயோடு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அண்ணனுக்குச் சேர்ந்தபோது எடுத்த எக்ஸ்ரே ஒன்று இருந்திருந்தால் இன்று வாதமே தேவைப்பட்டிருக்காது. பெரிய செலவு இல்லாத காரியம், செய்ய மனம்தான் இல்லை.

ஜங்ஷன் அண்ணாச்சி

மானூர் தம்பி, மனு போட இரண்டு வருஷக் கெடு உண்டு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தாமதமானாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நோய் என்ன என்று எழுத்தில் வந்த உடனே முதலாளிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கிரஷர் கூலிச்சீட்டு, வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், கூட வேலை பார்த்தவர் சொல் எதுவாக இருந்தாலும் சேர்த்து வையுங்கள். அந்த இடத்தில் வேலை பார்த்தார் என்பதையே இல்லை என்று சொல்லுகிற ஆட்கள் உண்டு.

முக்கூடல் அக்கா

நீங்கள் எல்லோரும் ஆலை, குவாரி என்று பேசுகிறீர்கள். பேட்டைத் தம்பியின் மனைவி பீடி சுற்றுகிறார் என்று ஒரு வரி வந்ததே, அதைப் பற்றி நானும் சொல்கிறேன். புருஷனுக்குக் கை போனதும் அந்தப் பெண் ஆயிரம் பீடி சுற்றிய இடத்தில் இன்னும் அதிகமாகச் சுற்றப் போகிறாள், வீட்டை நடத்த.

மடியில் சுளகை வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தால் கழுத்தும் இடுப்பும் முதலில் போகும். இலை வெட்டி வெட்டிக் கத்தரிக்கோல் பட்ட விரல் காய்த்துப் போகும். தூள் வீட்டுக்குள்ளேயே இருக்கும், தொட்டில் பிள்ளையும் அதே காற்றில்தான் படுத்திருக்கும். மாலையில் கம்பெனிக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி இல்லை. எங்களுக்கு விபத்து என்று ஒரு தேதி கிடையாது, அதனால் எந்தப் படிவமும் கிடையாது.

அந்தப் பெண்ணிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள் தம்பி. இல்லாவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, மற்ற ஊர்களில் மருந்தகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் அந்த அட்டையை வைத்துத்தான். பி.எஃப். பிடிக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பஞ்சாலை மகன்

அக்கா சொன்ன தேதி இல்லாத நோய்க்கு எங்கள் அப்பாவும் சாட்சி. நூற்பாலையில் இருந்தார். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், செவ்வாய் புதன் கொஞ்சம் தேவலை. திங்கட்கிழமைச் சோம்பேறித்தனம் என்றே எல்லோரும் சொன்னார்கள். பஞ்சுத்தூசி நோயின் அடையாளமே அந்தத் திங்கட்கிழமைதான் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். காதும் போய்விட்டது. டி.வி. சத்தத்தை வைத்துத்தான் தெரியும். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது ஆலை விதிகளில் உள்ள வரம்பு. அங்கே அளந்து பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

கங்கைகொண்டான் முதலாளி

படிக்கப் படிக்க மனசு கனக்கிறது. டாக்டரிடம் நேராகக் கேட்கிறேன். எங்கள் மாதிரி 20, 30 பேர் வைத்திருக்கிறவன் என்னதான் செய்ய முடியும்? பெரிய ஆலையில் தனி டாக்டர், ஆம்புலன்ஸ் அறை எல்லாம் இருக்கும். எனக்கு அது எட்டாது.

ஆலை மருத்துவர், பாளை

ஆம்புலன்ஸ் அறை 500 பேருக்கு மேல் உள்ள ஆலைக்குத்தான் சட்டம் கேட்கிறது. உங்களிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது அது இல்லை. ஒரே தொழிற்பேட்டையில் பத்து யூனிட் சேர்ந்து ஒரு பகுதிநேர மருத்துவரை வைத்துக்கொள்ளுங்கள். தொழில்சார் மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சி முடித்தவராக இருந்தால் நல்லது. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. ஆள் சேரும்போது பார்வை, காது, மூச்சளவு, நெஞ்சு எக்ஸ்ரே, ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வைத்துவிட்டால் அதுதான் அஸ்திவாரம். வருஷம் ஒருமுறை அதையே திரும்பப் பார்த்து ஒப்பிட வேண்டும். புதுத் தொகுப்பின்படி 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை இலவசமாகச் செய்ய வேண்டிய கடமை எப்படியும் உங்களுக்கு வருகிறது.

அந்த மருத்துவர் மேஜையிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது, மெஷின் பக்கம் நடக்க வேண்டும். பேட்டை யூனிட்டில் ஒருவர் ஒரு சுற்று நடந்திருந்தால் அந்த சைக்கிள் டியூப் கண்ணில் பட்டிருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பரிசோதனையில் நோய் தெரிந்த ஆளை வேலையை விட்டு அனுப்பாதீர்கள். அப்படி ஒருவரை அனுப்பினால் அடுத்த வருஷம் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இருமலை மறைப்பார்கள், காது கேட்காததை மறைப்பார்கள்.

பேட்டை கணக்கர்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தம்பியே டாக்டரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக் குறிப்பு எழுதியாயிற்று. உண்மைத் தேதியோடு ஐந்து பேருக்கும் நம்பர் எடுத்தாயிற்று. படிவம் 12 போய்விட்டது, பக்கத்து மெஷின்காரர் சாட்சியாகக் கையெழுத்து போட்டார். கான்ட்ராக்டர் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எலக்ட்ரீஷியன் வந்து, ஒரு பட்டனைக் கட்டி வைத்தால் பிரஸ்ஸே இறங்காதபடி இணைப்பை மாற்றிக் கொடுத்தார். பீஸ் குறைகிறது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு சந்தேகம். முதலாளி நல்ல மனதோடுதான் கேட்கிறார். கட்டுப் பிரித்ததும் தம்பி வந்து கேட்டில் உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் எழுதட்டும், முழுச் சம்பளம் போடுகிறேன் என்கிறார். சரியா?

ஜங்ஷன் அண்ணாச்சி

இறுதிச் சான்று வருகிறவரை வேண்டாம். வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிற நாளுக்கு அந்த 90 சதவீதம் கிடைக்காது. கேட்டில் உட்கார்ந்ததைக் காட்டி, ஆள் வேலைக்குத் தயார் என்று கோப்பை மூடவும் இடம் கொடுக்கும். முதலாளி உதவ நினைத்தால் பிள்ளைகள் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுக்கட்டும். அந்தப் பணம் வாங்குகிற காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதும் சட்டம். பதிவேட்டில் பெயர் இருக்கட்டும்.

ஆலை மருத்துவர், பாளை

அண்ணாச்சி சொன்னதுதான். அந்த நேரத்தை வீணாக்காமல் கைப்பயிற்சி தொடங்கச் சொல்லுங்கள். தையல் ஆறியதும் பயிற்சியாளர் சொல்லித் தருவார்: ஒரு பாத்திரத்தில் அரிசி, இன்னொன்றில் கேழ்வரகு போட்டு, வெட்டுப்பட்ட நுனியை அதற்குள் விட்டு அளைந்துகொண்டே இருக்க வேண்டும். தொட்டால் மின்சாரம் மாதிரி வலிக்கிறது என்று கையைச் சட்டைக்குள்ளேயே மறைத்து வைத்தால் மற்ற விரல்களும் விறைத்துவிடும். இல்லாத விரல் அரிக்கிறது, வலிக்கிறது என்று சொல்வார். அது மனப்பிரமை இல்லை, நரம்பு அப்படித்தான் செய்யும் என்று மனைவியிடமும் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது வெறுமனே ஃபிட் என்று எழுதிய சான்றை வாங்காதீர்கள். வலது கையால் எத்தனை கிலோ தூக்கலாம், அதிர்கிற கருவி பிடிக்கலாமா, எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அதை வைத்து வேலையைத் தேர்ந்தெடுங்கள். பீஸ் சரிபார்ப்பது, ஸ்டோர் பார்ப்பது சரியாக வரும். பிரஸ் பக்கம் அவரே கேட்டாலொழிய நிறுத்தாதீர்கள். மேல்டை இறங்குகிற சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்ல மாட்டார்கள்.

பேட்டை கணக்கர்

ஸ்டோரில் இப்போது இருக்கிற பெரியவர் தை மாதத்தோடு நின்றுகொள்கிறார். அந்த இடத்தைத் தம்பிக்கு வைக்கச் சொல்லி முதலாளியிடம் இன்று கேட்டேன், சரி என்று சொல்லியிருக்கிறார். அக்கா சொன்ன அடையாள அட்டைக்கு நாளை அந்த வீட்டுக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன்.